எலியில் சேர்ந்த நரம்பு நம் கையில் சேருமா?

என் அத்தை மகன் ஒன்பது மாதமாக ஒரு பேனாவும் கையுமாக இருக்கிறான். வீட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்து, இடது முழங்கைக்குக் கொஞ்சம் மேலே, உள்பக்கமாக ஆழமாக வெட்டிவிட்டது. அன்று இரவே ஆபரேஷன் செய்து, அறுந்த நரம்பையும் தைத்துவிட்டார்கள். காயம் மூன்று வாரத்தில் ஆறியது. ஆனால் சுண்டுவிரலிலும் மோதிர விரலின் பாதியிலும் தொட்டால் ஒன்றும் தெரியவில்லை, விரல்களை விரிக்க முடியவில்லை. அவன் டாக்டரிடம் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது: "நரம்பைத் தைச்சுட்டீங்கல்ல டாக்டர், அப்புறம் ஏன் விரல் விரிய மாட்டேங்குது?" அவர் சொன்னார்: "தைச்சது மேல இருக்கிற உறையத்தாங்க. உள்ள இருக்கிற இழை இனிமேதான் வளரணும்."

நடுவில் யாரோ வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினார்கள். கால் நரம்பை அறுத்துத் தைத்த எலி ஒன்று எட்டு வாரத்தில் கூண்டுக்குள் ஓடுகிறது. அத்தை அதைப் பார்த்துவிட்டு, "எலிக்கே சரியாகுதே, இவனுக்கு ஏன் ஆகல?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த மாமா, "எலியில பாத்தாச்சுன்னா அப்புறம் ஆட்டையும் பன்றியையும் எதுக்குப் போட்டு அறுக்கிறாங்க?" என்றார். ரெண்டுமே நியாயமான கேள்விகள். ரெண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அதை நிதானமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில், எந்த நரம்பு?

நம் பேச்சில் இந்தச் சொல் பாடாய்ப் படுகிறது. ரத்தம் எடுக்க வரும் நர்ஸ் "நரம்பு கிடைக்கல" என்கிறார். அவர் தேடுவது ரத்தக்குழாயை. கெண்டைக்காலில் புடைத்துச் சுருண்டு தெரிவதை "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்கிறோம், அதுவும் ரத்தக்குழாய்தான். கழுத்துப் பிடிப்புக்கும் நரம்பு, கை நடுக்கத்துக்கும் நரம்பு. வீணைத் தந்திக்கும் அதே பெயர்.

இந்தக் கட்டுரையில் நரம்பு என்றால் ஒன்றே ஒன்று: மூளையிலிருந்தும் முதுகுத்தண்டுக்குள் இருக்கும் தண்டுவடத்திலிருந்தும் கிளம்பி, கைக்கும் காலுக்கும் முகத்துக்கும் தோலுக்கும் செய்தி கொண்டுபோகிற, கொண்டுவருகிற வெள்ளை நிறக் கயிறு. மூளையும் தண்டுவடமும் மைய நரம்பு மண்டலம். அவற்றுக்கு வெளியே ஓடுவது புற நரம்பு. முழங்கையை மேஜை முனையில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை ஷாக் அடிக்குமே, அது எலும்பில் வரும் வலி கிடையாது, அந்த இடத்தில் தோலுக்கு அடியிலேயே ஓடுகிற ஒரு புற நரம்பு இடிபடுவதால் வருவது. என் அத்தை மகனுக்கு வெட்டுப்பட்டதும் அதே நரம்புதான்.

இந்தப் பிரிவு ஏன் முக்கியம் என்றால், மைய நரம்பு அறுந்தால் நம் உடம்பில் அது திரும்ப வளர்வதில்லை என்றே சொல்லலாம். புற நரம்பு வளரும். அந்த வளர்ச்சியை நம்பித்தான் இந்தத் துறையே நடக்கிறது.

பந்தலும் கொடியும்

நரம்பைக் கரன்ட் ஒயர் என்று சொல்லியே பழகிவிட்டோம். ஒயர் அறுந்தால் ரெண்டு முனையையும் முறுக்கி டேப் சுற்றினால் பல்பு எரியும். அந்த நினைப்பில்தான் "தைச்சாச்சே" என்கிற கேள்வி வருகிறது. நான் வேறொரு உவமை வைத்துக்கொள்கிறேன்: பந்தலில் ஏறிய புடலங்கொடி.

வேர் ஒரு இடத்தில் இருக்கிறது. அங்கிருந்து கொடி, நாம் கட்டிவிட்ட கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி, தூரத்தில் காய் பிடிக்கிறது. நரம்பிலும் அப்படித்தான். தசையை இயக்கும் நரம்பின் வேர், அதாவது செல்லின் உடல், தண்டுவடத்தில் இருக்கிறது. அதிலிருந்து நீளும் மெல்லிய கொடிக்கு ஆக்ஸான் என்று பெயர். இடுப்புப் பக்கத்துத் தண்டுவடத்தில் இருக்கிற ஒரு செல்லின் ஆக்ஸான், பாதத்தில் உள்ள சின்னத் தசை வரை, ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரம் ஓடுகிறது. ஒரே ஒரு செல், கண்ணுக்குத் தெரியாத தடிமன், ஆனால் நீளம் நம் பாதி உயரத்துக்கும் மேல். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

கொடி ஏறும் கயிறு எது? ஆக்ஸானைச் சுற்றி வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஸ்வான் செல்கள். ஆக்ஸானுக்கு உறை போர்த்துவதும், ஊட்டம் கொடுப்பதும், அது அறுந்தால் வழிகாட்டுவதும் இவைதான். இப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான ஆக்ஸான்கள் ஒரு கட்டாகச் சேர்ந்தால் அது ஒரு கற்றை. கற்றைகள் பல சேர்ந்து, மேலே ஒரு உறை மூடினால், அதுதான் அறுவை மருத்துவர் கண்ணால் பார்க்கிற நரம்பு. வாழைநாரைத் திரித்த கயிற்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் தெரிவதுபோல, வெட்டிய முனையில் கற்றைகள் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

அறுந்த பிறகு

1850-இல் அகஸ்டஸ் வாலர் என்பவர் லண்டனில் தவளையின் நாக்குக்குப் போகும் நரம்பை வெட்டிவிட்டு, நாளுக்கு நாள் என்ன ஆகிறது என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். வேரோடு தொடர்பு இருந்த பக்கம் நன்றாக இருந்தது. வேரிலிருந்து பிரிந்த பக்கம் துண்டு துண்டாக உதிர்ந்துபோனது. கொடியை நடுவில் அறுத்தால் பந்தல் மேல் இருக்கிற பாதி வாடிப்போகும் இல்லையா, அதேதான். இன்றைக்கும் அதற்கு வாலர் சிதைவு என்றுதான் பெயர்.

எவ்வளவு சீக்கிரம் தைத்தாலும் இந்தச் சிதைவு நிற்காது. தைத்த இடத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆக்ஸான்கள் எல்லாமே போய்விடும். அங்கே மிஞ்சுவது காலிக் கயிறு, அதாவது ஸ்வான் செல்கள். அவை உதிர்ந்த குப்பையைத் துப்புரவு செய்துவிட்டு, நீள வரிசையாக நின்று, "இந்தப் பக்கம் வா" என்று அழைக்கும் ரசாயனங்களைச் சுரக்க ஆரம்பிக்கின்றன. வேர்ப் பக்கத்து முனையிலிருந்து புதுத் தளிர்கள் கிளம்பி, தையலைத் தாண்டி, அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நகர்கின்றன. மனிதரில் இதன் வேகம் சராசரியாக ஒரு நாளைக்கு 1 மில்லிமீட்டர். நகம் வளரும் வேகத்தைவிடப் பல மடங்கு அதிகம்தான். ஆனால் கை நீளத்தை நினைத்துப் பார்த்தால் எவ்வளவு மெதுவு.

இப்போது பேனாவுக்கு வருகிறேன். புதிதாக வளரும் ஆக்ஸான் நுனியின் மேல் தோலில் விரலால் லேசாகத் தட்டினால், அந்த நரம்பு போய்ச் சேர வேண்டிய விரலில் சுருக்கென்று மின்சாரம் ஓடுவதுபோல இருக்கும். முதல் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஜூல் டினெல் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1915-இல் இதை எழுதிவைத்தார். அதே ஆண்டு ஜெர்மனியில் ஹாஃப்மன் என்பவரும் எழுதினார். ஸ்கேன் இல்லை, மெஷின் இல்லை, ஒரு விரல் போதும். என் அத்தை மகன் மாதம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையில், மணிக்கட்டிலிருந்து மேல் நோக்கித் தட்டிக்கொண்டே போவான். எந்த இடத்தில் சுண்டுவிரலில் சுருக்கென்கிறதோ அங்கே ஒரு கோடு. குளித்தால் அழிந்துவிடுமே என்று அதை ஃபோனில் படமெடுத்து வைப்பான். கோடு மாதம் மூன்று சென்டிமீட்டர் சுமாருக்குக் கீழே இறங்குகிறது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: தையல் வழியைத்தான் சேர்க்கிறது. அறுந்த இடத்துக்கு அப்பால் ஆக்ஸான் முழுவதும் புதிதாக வளர வேண்டும். அது நாளுக்கு 1 மில்லிமீட்டர் என்ற கணக்கில் போகிறது.

காத்திருக்கும் தசைக்கும் ஒரு கெடு உண்டு

எல்லாரும் தவறவிடுகிற இடம் இதுதான். மெதுவாக வளர்ந்தால் என்ன, வளரத்தானே போகிறது, பொறுத்திருந்தால் ஆயிற்று என்று தோன்றும். ஆனால் அந்தப் பக்கம் பந்தல் சும்மா நின்றுகொண்டிருக்காது. மழையிலும் வெயிலிலும் கயிறு இற்றுப்போகும்.

நரம்பு இல்லாத தசை மெலிந்துகொண்டே போகிறது. நரம்பும் தசையும் சந்திக்கிற இணைப்பு இடங்கள் கலைகின்றன. ஏறத்தாழ ஒன்று, ஒன்றரை வருடம் தாண்டிவிட்டால், நரம்பு போய்ச் சேர்ந்தாலும் தசை பெரிதாகத் திரும்பி வேலை செய்வதில்லை. தோல் உணர்வு இன்னும் கொஞ்சம் பொறுக்கும், தசை அவ்வளவு பொறுக்காது. வழியில் காத்திருக்கிற ஸ்வான் செல்களும் மாதக்கணக்கில் ஆக்ஸானே வராவிட்டால் சோர்ந்து, அழைப்பதை நிறுத்தி, எண்ணிக்கையும் குறைந்துவிடுகின்றன.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கட்டில் வெட்டு என்றால் உள்ளங்கைத் தசை வரை பத்து சென்டிமீட்டர்கூட இல்லை. மூன்று நான்கு மாதம். முழங்கைக்கு மேல் என்றால் 30 சென்டிமீட்டருக்கும் மேல், ஒரு வருடம் ஓடிவிடும். பைக் விபத்தில் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே நரம்புக் கொத்து பிய்ந்துபோனால் உள்ளங்கை வரை 60, 70 சென்டிமீட்டர், ரெண்டு வருடம். அதற்குள் தசையின் கெடு முடிந்துவிடும். அதனால்தான் இப்படிப்பட்ட காயங்களில் மருத்துவர்கள் நீண்ட பாதையை நம்பி உட்கார்ந்திருக்காமல், பக்கத்தில் ஓடும் வேறு நரம்பின் ஒரு கிளையைத் திருப்பி விடுகிறார்கள், அல்லது நன்றாக இருக்கிற தசையின் தசைநாரை இடம் மாற்றிக் கட்டுகிறார்கள். தசைநார் மாற்றத்துக்கு நம் வேலூரிலேயே ஒரு வரலாறு இருக்கிறது: தொழுநோயால் நரம்பு செத்து மடங்கிப்போன விரல்களை 1940-களின் கடைசியில் டாக்டர் பால் பிராண்ட் அங்கே அப்படித்தான் திரும்ப நிமிர்த்தினார்.

இதிலிருந்து ஒரு விஷயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆழமான வெட்டுக்குப் பிறகு விரல் மரத்துப்போனாலோ அசையாவிட்டாலோ, காயம் ஆறட்டும் அப்புறம் பார்ப்போம் என்று மாதக்கணக்கில் விடக்கூடாது. அந்த மாதங்களைப் பிறகு திரும்ப வாங்க முடியாது.

நடுவில் துண்டு காணாமல்போனால்

கண்ணாடி வெட்டு சுத்தமானது, ரெண்டு முனையும் எதிரெதிரே இருக்கும், தைத்துவிடலாம். நசுங்கியோ பிய்ந்தோ போனால் சில சென்டிமீட்டர் துண்டே வீணாகிவிடும். இழுத்துப் பிடித்துத் தைத்தால்? நரம்பை விறைப்பாக இழுத்தால் அதற்குள் ரத்த ஓட்டம் குறையும், தழும்பு கூடும். வியன்னாவில் ஹன்னோ மில்லேசி 1970-களில் அழுத்திச் சொன்னது இதுதான்: இழுக்காதே, நடுவில் ஒட்டு வை. அந்த ஒட்டுக்கு இன்றைக்கும் முதல் தேர்வு நோயாளியின் சொந்தக் கெண்டைக்கால் பின்புறம் ஓடும் ஓர் உணர்வு நரம்பு. அதை எடுத்தால் பாதத்தின் வெளி ஓரம் கொஞ்சம் மரத்துப்போகும், நடக்கத் தடையில்லை. அந்த ஒட்டில் ஸ்வான் செல்கள் தயாராக இருக்கின்றன, அதாவது கட்டிய கயிறு.

ஒரு காலை மரக்கவைத்து ஒரு கையைச் சரிசெய்வதற்குப் பதிலாக, வெறும் குழாய் ஒன்றை நடுவில் வைத்தால் என்ன என்று பலரும் யோசித்தார்கள். ஸ்வீடனைச் சேர்ந்த கோரான் லுண்ட்போர்க்கின் குழு 1982-இல் எலிகளில் சிலிகோன் குழாயை வைத்துப் பார்த்தது. இடைவெளி 10 மில்லிமீட்டர் என்றால் நரம்பு தாண்டியது. 15 மில்லிமீட்டர் என்றால் தாண்டவில்லை. காரணம் அழகானது: குழாய்க்குள் முதலில் ஒரு திரவம் நிறைந்து, அதிலிருந்து ஒரு மெல்லிய புரத நூல் உறைகிறது, அந்த நூலைப் பிடித்துத்தான் செல்கள் ஊர்ந்து வருகின்றன. தூரம் கூடினால் நூல் நடுவில் மெலிந்து அறுந்துவிடும். பிடிக்கக் கயிறு இல்லாத கொடி தரையிலேயே சுருண்டுகொள்ளும்.

மனிதரிலும் குழாய்கள் பயன்பாட்டில் இருக்கின்றன, பெரும்பாலும் 3 சென்டிமீட்டருக்குக் குறைவான இடைவெளிக்கு, விரல் போன்ற சின்ன உணர்வு நரம்புகளில். அதற்கு மேல் போனால் பெரும்பாலும் சொந்த நரம்பு ஒட்டுதான். ஆராய்ச்சி முட்டி மோதிக்கொண்டிருப்பது இந்த எல்லையில்: நீண்ட இடைவெளி, நீண்ட பாதை.

எலி இந்தப் பந்தயத்தை ஓடுவதே இல்லை

இப்போது அத்தையின் கேள்வி. புற நரம்பு ஆராய்ச்சியில் மிகப் பெரும்பங்கு எலியின் கால் நரம்பில்தான் நடக்கிறது. விலை குறைவு, இடம் குறைவு, நிறைய எண்ணிக்கையில் ஒப்பிடலாம். வாலர் சிதைவும் ஸ்வான் செல்லின் வேலையும் எலியிலும் நம்மிலும் அடிப்படையில் ஒன்றுதான். அதில் கற்றது எல்லாம் உண்மையான பாடம்.

ஆனால் தொடையில் வெட்டினால் எலியின் கெண்டைக்கால் தசை வரை தூரம் ரெண்டு மூன்று சென்டிமீட்டர். அதன் ஆக்ஸான் நம்முடையதைவிட வேகமாகவும் வளர்கிறது, நாளுக்கு ரெண்டு மூன்று மில்லிமீட்டர். சில வாரத்தில் போய்ச் சேர்ந்துவிடும். தசை மெலிவதற்கு முன்னால், ஸ்வான் செல் சோர்வதற்கு முன்னால், பந்தல் இற்றுப்போவதற்கு முன்னால். நம்மைத் தோற்கடிக்கிற காரணம் எதுவோ அது எலிக்கு நேர்வதே இல்லை.

இன்னொரு சிக்கல், இது கேட்கக் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். ஒரு புதுக் குழாயையும் சொந்த ஒட்டையும் எலியில் ஒப்பிட்டால், முதல் சில வாரங்களில் வித்தியாசம் தெரியும். இன்னும் கொஞ்ச நாள் விட்டுப் பார்த்தால் நல்லதும் சுமாரானதும் ஒரே அளவுக்கு வந்துவிடும், ஏனென்றால் எலி எப்படியும் வளர்த்துக்கொள்ளும். எனவே "எட்டு வாரத்தில் எலி ஓடியது" என்ற வீடியோ, அந்தச் சிகிச்சை நல்லதா என்பதைவிட எலி எவ்வளவு கெட்டிக்கார உடம்பு என்பதைத்தான் அதிகம் காட்டுகிறது. நரம்பின் தடிமனும் வேறு. எலியின் அந்த நரம்பு ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, உள்ளே கற்றைகள் ஒன்றிரண்டு. நம் தொடையில் அதே நரம்பு கட்டைவிரல் மொத்தம், உள்ளே கற்றைகள் ஏராளம். ஒட்டின் நடுப்பகுதிக்கு ரத்தம் எட்டுமா என்பது மெல்லிய நரம்பில் கேள்வியே இல்லை. மொத்தமான நரம்பில் அது பெரிய கேள்வி.

எலியிலேயே காலத்தை நீட்டிப் பார்க்க முடியாதா? முடியும். கனடாவில் டெஸ்ஸா கோர்டன் குழு 1990-களில் அதைச் செய்தது: ஒரு நரம்பின் கீழ்ப் பாதியை மாதக்கணக்கில் காலியாக விட்டுவைத்து, பிறகு பக்கத்து நரம்பைப் புதிதாக வெட்டி அதோடு தைத்தார்கள். காத்திருப்பு நீளநீள, திரும்ப இணையும் இழைகள் மளமளவென்று குறைந்தன. பந்தல் இற்றுப்போகிறது என்று நான் மேலே சொன்னது பெரிய அளவில் இப்படிப்பட்ட சோதனைகளிலிருந்து தெரிந்ததுதான். ஆனால் காலத்தை இப்படிச் செயற்கையாக நீட்டலாம், காலை நீட்ட முடியாது.

சுருக்கமாக: எலி, நரம்பு எப்படி வளர்கிறது என்று கற்றுக்கொடுக்கும். நீண்ட பாதையில், நீண்ட காலத்தில், மொத்தமான நரம்பில் ஒரு சிகிச்சை தாக்குப்பிடிக்குமா என்பதை அதனால் சொல்ல முடியாது.

செம்மறி, பன்றி, குரங்கு

இங்கேதான் மாமாவின் கேள்விக்குப் பதில். பெரிய விலங்கு மாதிரி, அதாவது மாடல், என்றால், மனித உடம்பின் அளவுக்கு அருகில் இருக்கிற விலங்கில், மனிதக் காயத்தின் நீளத்தையும் காலத்தையும் ஒத்த ஒரு காயத்தை ஏற்படுத்தி, சிகிச்சையைச் சோதிப்பது.

செம்மறியாடு இதற்கு அதிகம் பயன்படுகிறது. அமைதியான பிராணி, கால் நரம்பின் தடிமனும் நம்முடையதற்குப் பக்கத்தில் வரும். எனக்கு ரொம்பப் பிடித்த ஆய்வு ஜெர்மனியின் ஹனோவரில் நடந்தது, 2011-இல் வெளியானது. சிலந்தி தன் வலையில் தொங்குவதற்கு விடுகிற இழை இருக்கிறதே, அதைச் சிலந்தியிடமிருந்து மெல்ல இழுத்து, சின்ன ராட்டை போன்ற ஒன்றில் சுற்றி எடுத்தார்கள். செல்கள் நீக்கிய ரத்தக்குழாய்க்குள் அந்த இழைகளை நீளவாக்கில் அடுக்கி, செம்மறியின் பின்னங்கால் நரம்பில் 6 சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்தார்கள். பத்து மாதம் கழித்துப் பார்த்தால் ஆக்ஸான்கள் அந்த 6 சென்டிமீட்டரைத் தாண்டிப் போயிருந்தன, உறையும் போர்த்தியிருந்தன. குழாய்க்குள் நூல் மெலிந்து அறுகிறது என்று மேலே பார்த்தோமே, அந்த இடத்தில் அறுந்துபோகாத ஒரு கயிறு கட்டிவிட்டார்கள். எலியில் இந்த 6 சென்டிமீட்டரை எங்கே போய்த் தேடுவது? அதன் தொடை முழுவதுமே அவ்வளவு இருக்காது.

நாய்களிலும் செய்திருக்கிறார்கள், ஜப்பானின் கியோட்டோவில் கொலாஜன் என்ற புரதத்தின் இழை நிரப்பிய குழாயால் 8 சென்டிமீட்டர் இடைவெளியைக் கடந்த ஆய்வு 2000-இல் வந்தது. பன்றியை எடுத்தால், பண்ணைப் பன்றி ஆறு மாதத்தில் நூறு கிலோவைத் தொட்டுவிடும். கால் வளரவளர ஒட்டும் இழுபடும், எது சிகிச்சையால் எது வளர்ச்சியால் என்று பிரிக்க முடியாது. அதனால் குட்டையாகவே நிற்கிற மினி பன்றி இனங்களில், வளர்ந்து முடிந்த பன்றியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு பன்றியின் பின்னங்காலில், ஆக்ஸான் 20 சென்டிமீட்டருக்கும் மேல் பயணம் செய்தால்தான் கடைசித் தசையைத் தொட முடியும் என்ற அளவுக்கு ஒரு மாதிரியை உருவாக்கியிருக்கிறது. என் அத்தை மகனின் கையில் நடப்பதற்கு இது நெருங்கி வருகிறது.

கை என்றால் குரங்கு. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மக்காக் குரங்குகளின் கையில் கட்டைவிரல் பக்கத்துக்குப் போகும் நரம்பில் 5 சென்டிமீட்டர் இடைவெளி வைத்து, மெதுவாகக் கரையும் பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தினார்கள். குழாயின் சுவரில் நரம்பை வளர்க்கும் ஒரு புரதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும்படி வைத்திருந்தார்கள். ஒரு வருடம் பார்த்தார்கள். குரங்கு ஒரு சின்ன உணவு உருண்டையைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகக் கிள்ளி எடுக்கிறதா என்பதுதான் தேர்வு. சாதம் பிசைகிற, பூக் கட்டுகிற, சட்டைப் பொத்தான் போடுகிற அதே கிள்ளல். 2020-இல் வெளியான முடிவு: குழாய் வைத்த குரங்குகள் சொந்த நரம்பு ஒட்டு வைத்தவற்றுக்கு ஏறத்தாழ சமமாக அதைச் செய்தன. இன்னொரு நரம்பை வெட்டி எடுக்காமலே. நான் இந்தத் துறையில் படித்தவற்றில் நம்பிக்கை கொடுத்த முடிவுகளில் இது ஒன்று.

குதிரை ஒரு தனி ரகம். அதற்கு யாரும் நரம்பை வெட்ட வேண்டியதில்லை. குரல்வளைக்குப் போகும் இடது நரம்பு நெஞ்சுக்குள் இறங்கி, பெரிய ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டு மறுபடி கழுத்துக்கு ஏறுகிறது. உயரமான குதிரையில் அதன் நீளம் இரண்டு மீட்டரைத் தாண்டும். அந்த நரம்பு தானாகவே நலிந்து, ஓடும்போது மூச்சு உறுமும் நோய் குதிரைகளில் சகஜம். அதற்கு வைத்தியம் பார்க்கும்போதே நீண்ட நரம்பைப் பற்றியும் தெரிந்துகொள்ளலாம், குதிரைக்கும் நன்மை.

பெரிய விலங்கிலும் ஓட்டைகள் உண்டு

ஆட்டில் வேலை செய்தால் மனிதரில் செய்துவிடும் என்று எடுத்துக்கொள்வதும் அதே தப்புதான், அளவு மட்டும் பெரிசு. ஆடு நாலு காலில் நிற்கிறது. ஒரு கால் பலவீனமானால் மற்ற மூன்றும் பாரத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும். மந்தையில் பின்தங்கினால் ஓநாய்க்கு இரை என்பது அதன் உடம்பில் ஊறிய பயம், அதனால் நொண்டலை முடிந்தவரை மறைக்கும். எலியிடமும் இதற்கு இணையான தொல்லை உண்டு, மரத்துப்போன விரலைத் தானே கடித்துத் தின்றுவிடும். ஆகவே நடையைப் பார்த்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. நரம்பில் மின்துடிப்பு கொடுத்து எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அளக்கிறார்கள், தசையின் எடையைப் பார்க்கிறார்கள், கடைசியில் நரம்பை மெல்லிய சீவலாக வெட்டி ஆக்ஸான்களை எண்ணுகிறார்கள். மனிதரில் செய்யவே முடியாதது இந்தக் கடைசிக் காரியம். தேறிக்கொண்டிருக்கும் நரம்பை எண்ணிப் பார்ப்பதற்காக யாரும் வெட்டி எடுக்க மாட்டார்கள்.

செலவும் பெரிசு. கொட்டகை, மேய்ப்பு, கால்நடை மருத்துவர், மயக்க மருந்து, அப்புறம் ஒரு வருடக் காத்திருப்பு. அதனால் ஒரு குழுவில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் விலங்குகள் இருக்கும். எண்ணிக்கை குறைந்தால், ஒன்றிரண்டு நல்ல முடிவுகளே மொத்தப் படத்தையும் மாற்றிக் காட்டிவிடும். ஆடுகளின் எண்ணிக்கையைப் பார்க்காமல் தலைப்பை மட்டும் பார்த்து நம்பக்கூடாது.

தைக்கிறவரின் கையும் ஒரு காரணம். நரம்பு தைக்கும் நூல் தலைமுடியைவிட மெல்லியது, மைக்ராஸ்கோப்புக்கு அடியில்தான் தெரியும். வெட்டிய ரெண்டு முனையையும் சேர்க்கும்போது உருண்டையான கயிறு கொஞ்சம் திரும்பிவிட்டால், விரலை விரிக்கும் கற்றை தோலுக்குப் போகும் பாதையில் ஏறிவிடும். அதைத் தவிர்க்க, நரம்பின் மேல் உறையில் ஓடும் பொடி ரத்தக்குழாயை அடையாளமாக வைத்து, கோலத்தில் விட்ட இடத்திலிருந்து கோடு தொடர்வதுபோல, ரெண்டு பக்கத்துக் கோடும் ஒன்றாகச் சேரும்படி வைத்துத் தைக்கிறார்கள். கற்றைகள் நிறைய இருக்கும் மொத்தமான நரம்பில்தான் இந்தத் தவறுக்கு இடமே உண்டு. அதனால்தான் பழகுவதற்கும் சோதிப்பதற்கும் பெரிய விலங்கின் நரம்பு தேவைப்படுகிறது.

மனிதரிலேயே பார்த்துவிடலாமே

ஒருவர் அதையும் செய்தார். 1903-இல் ஹென்றி ஹெட் என்ற ஆங்கிலேய நரம்பு மருத்துவர், தன் இடது முன்கையில் ஓடும் உணர்வு நரம்பைத் தானே வெட்டச் சொல்லி, திரும்பத் தைத்துக்கொண்டார். கேம்பிரிட்ஜில் அவருடைய நண்பர் ரிவர்ஸ் வருடக்கணக்கில் அந்தக் கையைப் பஞ்சாலும் ஊசியாலும் தொட்டுத்தொட்டு, எந்த உணர்வு எப்போது திரும்புகிறது என்று குறித்துவைத்தார். ஒரு மனிதர் தன் விருப்பத்தில் தன் கையைக் கொடுத்தார். அதை ஒரு முறையாக ஆக்க முடியாது. விபத்தில் வரும் ஒவ்வொரு காயமும் வேறு இடம், வேறு ஆழம், வேறு வயது; எதை எதோடு ஒப்பிடுவது? சோதிக்காத குழாயை முதன்முதலாக ஒரு தையல்காரரின் கையில் வைத்துப் பார்ப்பதா? அது சரியாக வேலை செய்யவில்லை என்று தெரிவதற்குள் அவருடைய தசையின் கெடு முடிந்திருக்கும்.

அதற்காக விலங்கின் வலி கணக்கில் வராது என்று நான் சொல்லமாட்டேன். 1959-இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இருவர் சொன்ன மூன்று விதிகள் இன்றும் உலகம் முழுக்கச் செல்லும்: விலங்கு இல்லாமல் முடியும் என்றால் அதைச் செய், எண்ணிக்கையைக் குறை, வேதனையைக் குறை. இந்தியாவில் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் இதற்கென்று ஒரு குழு இருக்கிறது. பெரிய விலங்கு என்றால் நிறுவனத்தின் சொந்தக் கமிட்டி போதாது, ஒன்றிய அரசின் அந்தக் குழுவே அனுமதிக்க வேண்டும். நரம்பு ஆய்வில் இந்த விதிகள் எப்படி நடைமுறையாகின்றன என்றால், எந்த நரம்பை வெட்டுவது என்பதிலேயே ஆரம்பிக்கிறது. நூறு கிலோப் பன்றியின் காலுக்குப் போகும் முக்கிய நரம்பை மொத்தமாக வெட்டினால் அது பாதத்தை இழுத்து இழுத்துப் புண்ணாக்கிக்கொள்ளும். அதனால் விலங்கு நிற்கவும் நடக்கவும் தின்னவும் தடையில்லாத ஒரு கிளையைத் தேடி எடுக்கிறார்கள். ஆட்டைத் தனியாக அடைத்தால் அது பதறும் என்பதால் துணையோடு வைக்கிறார்கள். ஏற்கெனவே எலியில் தோற்றுப்போன ஒரு யோசனையை ஆட்டுக்குக் கொண்டுபோவது, என்னைக் கேட்டால், அனுமதி இருந்தாலும் அநியாயம்.

அத்தையிடம் இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. அந்த வீடியோவைத் திரும்பப் போட்டு, எலியின் காலை என் சுண்டுவிரலோடு வைத்துக் காட்டினேன். பிறகு அவர் மகனின் கையை நீட்டச் சொன்னேன். போன ஞாயிற்றுக்கிழமை போட்ட கோடு மணிக்கட்டுக்கு மேலே ரெண்டு விரல் அகலத்தில் இருந்தது.